நான் உட்கார்ந்து பார்த்த நாற்காலி

இல்லம்மா, நிக்கிறேன், பரவாயில்ல. டாக்டர் வந்துட்டுப் போயிட்டாரா? இடுப்பெலும்புதானா... ம். உள்ள போய் உங்கம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரல. அதான் உங்ககிட்ட வந்தேன்.

ஆமா, கால் கழண்டு போன அந்த நாற்காலி செஞ்சது எங்க பள்ளிக்கூடப் பிள்ளைங்கதான். மரவேலை வகுப்பு எடுக்கிறவ நான். யாருக்குச் செய்யுறோமோ அவங்களைப் போய்க் கேளுங்க, அப்புறம் மரத்துல கை வைங்கன்னு சொல்லித்தான் உங்க வீட்டுக்கு அனுப்பினேன். முழங்கால் உயரம் அளக்கப் போனவகிட்ட, அடியே கூசுதுடின்னு உங்கம்மா அப்படிச் சிரிச்சாங்களாம். குளிக்கிற நாற்காலிதானே, எந்தக் கலரானா என்ன, ஆனா பச்சை மட்டும் வேணாம், ஆஸ்பத்திரி ஞாபகம் வரும்னாங்களாம். அதான் மஞ்சள் அடிச்சோம்.

அவதாம்மா, அளந்தவளேதான். கால் நாலையும் பொருத்தினதும் அவதான். பதினஞ்சு வயசு. மூணு நாளா பள்ளிக்கூடம் வரல, சோறு இறங்கலையாம். தப்பு என்னோடதுதான்னு பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்தனுப்பிட்டா. அந்தக் கடுதாசியை உங்களுக்கும் காட்டிட்டாங்களா? காட்டியிருப்பாங்க.

கோபப்படுங்க, நான் வேணாங்கல. பெத்தவ விழுந்து கிடந்தா யாருக்குத்தான் வயிறு எரியாது.

பார்க்காமலா கொடுத்தோம்? பார்த்தோம்மா. எங்க வகுப்புல ஒரு வழக்கம். எந்தப் பொருளும் வாசல் தாண்டுறதுக்கு முன்னாடி நான் சோதிச்சுப் பார்க்கணும். என் உடம்பைப் பார்த்தீங்கல்ல, டீச்சரைத் தாங்கினா ஊரையே தாங்கும்னு பிள்ளைங்க கிண்டல் பண்ணுவாங்க. உட்கார்ந்தேன். தாங்குச்சு.

மறுநாள் நாற்காலியைக் கொடுக்கிற விழா. மேடை போட்டாச்சு, பெரிய மனுஷங்க வர்றாங்க, இங்க பெயிண்ட்டே சரியாக் காயல...

புகார்ல அவ பேரை எழுதிட்டீங்களா? இன்னும் இல்லையே? பேனாவைக் கொஞ்சம் கீழ வைங்கம்மா.

நான் எழுந்ததும் அவ கிட்ட வந்தா. டீச்சர், பின்னங்கால்ல ஏதோ விட்டுப்போன மாதிரி சத்தம் வந்துச்சே, உங்களுக்குக் கேட்டுச்சா, பிரிச்சுப் பார்க்கட்டுமான்னா. எனக்கு ஒண்ணும் கேட்கலையே, போய் ஃபேனைத் திருப்பி வை, பெயிண்ட் காயட்டும்னேன்.

அந்தக் கடுதாசியில இது இல்ல, கவனிச்சீங்களா? நான் பொய் சொல்லியிருப்பேன்னு அவளுக்குத் தோணவே இல்லம்மா.

கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு.

என் பேரை எழுதிக்குங்க. இருங்க, இனிஷியலோட சொல்றேன்.