றெஜினோல்டின் கடைசி ஓட்டம்

மாலை ஆறே முக்கால். கரிபியன் கடலில் ஒரு தீவு. இரண்டு பக்கமும் ஆளை மறைக்கும் கரும்பு, நடுவே செம்மண் பாதை. ஒரு சனமில்லை. இலைகள் உரசும் ஓசை மட்டும்... சர்... சர்...

நம் கூட்டாளி டெனிஸின் சித்தப்பா றெஜினோல்டுக்கு நடந்தது இது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

ஒஸ்லோவில் இருபத்தெட்டு வருடம் இரவு பஸ் ஓட்டியவர். ஓய்வுக்கு இன்னும் இரண்டு மாதம். அதன்பிறகு நித்திரை... அது ஒன்றுதான் ஆசை. மனைவி மரியரஞ்சனிதான் சுற்றுலாவுக்கு இழுத்துப் போனாள். அருவி, கடற்கரை, ரம் வடிக்கும் இடம். அன்றைக்கு அவள் முழங்கால் நோவென்று விடுதியில் நின்றுவிட, பாழடைந்த கரும்பாலையைப் பார்க்க இவர் மட்டும் போனார். கரும்பு வெட்டக் கப்பலில் கொண்டுவந்த இந்தியச் சனம்... ஐந்து வருடத்தில் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார்களாம்... வழிகாட்டி சொல்லிக்கொண்டே போனான். றெஜினோல்ட் சுவரோரம் சாய்ந்தார். கண் அயர்ந்துவிட்டது. விழித்தபோது ஒருவரும் இல்லை.

நடந்தார். பாகு காய்ச்சும் வாசம். ஆலை மூடி நூறு வருடம்... வாசம் மட்டும் சுடச்சுட.

வளைவில் ஒரு தகரக் கொட்டகை. விளக்கில்லை. உள்ளே நாற்பது பேர் இருக்கும், மூட்டைகளின் மேல் குந்தியபடி.

"வாங்கய்யா," என்றாள் ஒருத்தி.

இந்தியத் தமிழ். இவர்களும் சுற்றிப்பார்க்க வந்தவர்கள் என்று நினைத்தார். செம்பில் தண்ணீர் தந்தாள். குடித்தார்.

"எங்கள ஊருக்குக் கூட்டிப்போகத்தானே வந்தீங்க?"

"ஐயோ பிள்ளை, நான் பஸ் ஓட்டுறனான். கப்பல் இல்லை."

"எதுவானா என்னங்க... ஏத்திக்கிட்டாப் போதும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. தூரத்தில், அவரைத் தேடிவந்த வண்டியின் வெளிச்சம். எழுந்தார்.

யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் நாம் வெறுமனே 'போறன்' என்பதில்லை. செத்த வீட்டில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வருவோம். அது என்ன இடமென்று அவருக்குத் தெரியாது. வாய்ப்பழக்கம்...

"அப்ப, போயிட்டு வாறன்."

நாற்பது பேரும் ஒன்றாக எழுந்தார்கள். மூட்டைகளை இறுக்கிக் கட்டும் சத்தம்...

ஒஸ்லோவுக்குத் திரும்பிய முதல் இரவு. ரொம்மன் என்ற பஸ் தரிப்பு. பனி. கதவைத் திறந்தார், ஒருவரும் இல்லை. மூடப் பார்த்தார், மூடவில்லை. பஸ் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. பாரம் ஏற ஏறத் தாழுமே, அப்படி. பிறகு கதவு தானாக மூடியது. உள்ளே பாகு வாசம்.

ஒவ்வொரு இரவும் அப்படித்தான். பயப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"களைச்ச சனமப்பா. இருந்திட்டுப் போகட்டும்," என்றார் மரியரஞ்சனியிடம்.

"ஆரப்பா?"

சப்பாத்தைக் கழற்றாமலே நித்திரையாகிவிட்டார்.

வேலையின் கடைசி இரவு. பஸ்ஸைத் தரிப்பிடத்தில் விட்டு, சாவியை அடுத்த சாரதி கஜரூபனிடம் கொடுத்தார்.

"அண்ணை, இனி மத்தியானம் வரைக்கும் படுங்கோ! மரியரஞ்சனி அக்கா திட்டினாலும் எழும்பாதேங்கோ."

"ஓமடா தம்பி... ஓம்."

பூட்டமுன் யாராவது இருக்கையில் தூங்குகிறார்களா என்று பார்ப்பது முறை. றெஜினோல்ட் உள்ளே ஏறினார். பின்னிருக்கையிலிருந்து ஒரு பெண்குரல் கஜரூபனுக்கும் கேட்டது. களைத்த குரல்.

"ஐயா... ஊரு இன்னும் வரலியே."

றெஜினோல்ட் திரும்பி முன்னால் நடந்தார். பிறகு சாரதி இருக்கையில் போய் இருந்தார். கதவு மூடியது. பாரம் தாங்காமல் தாழ்ந்த பஸ், பனிக்குள் மெல்ல நகர்ந்து வாசலைத் தாண்டிப் போனது.

கஜரூபன் கத்திக்கொண்டு பின்னால் ஓடினான்.

சாவி அவன் கைக்குள்தான் இருந்தது.