மதியத்தில் விழித்திருந்த கார்

மனைவி: கொஞ்சம் உட்காருங்களேன். இந்த சர்வீஸ் சென்டர் கண்ணாடி வழியா நீங்க முறைச்சா, வண்டி பயந்துபோய் ஓடிடுமா?

கணவர்: உன் மக சாயங்காலம் கைக்குழந்தையோட ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பா. நான் இங்க சோபாவுல சாஞ்சுக்கவா?

மனைவி: அதான் வாடகைக் கார் வச்சுக்கலாம்னு...

கணவர்: அந்தப் பேச்சை விடு. பேத்தியை முதல் தடவை நான்தான் வீட்டுக்கு ஓட்டிட்டு வருவேன். சொன்னா சொன்னதுதான்.

மனைவி: சரி... சரி.

கணவர்: கரண்ட் கார்ல முழு சார்ஜ்! காலையில நானே பார்த்தேன். பழக்கடையில ரெண்டு ஆப்பிள் வாங்கிட்டுத் திரும்புறதுக்குள்ள... ஒரு விளக்குகூட எரியல. தள்ளலாம்னா சக்கரமும் அசையல.

மனைவி: கடைசியில அது லாரி மேல ராஜா மாதிரி உட்கார்ந்து வந்துச்சு. நாமதான் டிரைவர் பக்கத்துல இடிச்சுப் பிடிச்சுக்கிட்டு வந்தோம்.

கணவர்: சிரிக்காத... இதோ, மெக்கானிக் பொண்ணு வருது. என்னம்மா, பிழைக்குமா?

மெக்கானிக்: பிழைச்சாச்சு சார். பெரிய பேட்டரிக்கு ஒண்ணும் இல்ல. முன்னாடி சின்னதா ஒரு பேட்டரி இருக்கு. வண்டியை எழுப்புறதே அதுதான். அது சுத்தமா தீர்ந்துபோச்சு. புதுசு மாட்டிட்டேன்.

கணவர்: அது எப்படித் தீரும்? நல்லாத்தானே இருந்துச்சு!

மெக்கானிக்: வீட்ல யாராவது வண்டிக்குள்ள சும்மா உட்கார்ந்திருப்பீங்களா சார்? பிரேக்கை மிதிக்காம பட்டனை மட்டும் அழுத்துனா திரை எரியும், பாட்டு பாடும். ஆனா பெரிய பேட்டரி கைகொடுக்காது. பாவம், சின்னதுதான் கரையும்.

கணவர்: எங்க வீட்ல யாரும்மா அப்படி...

மனைவி: ஐயையோ! பிரேக்கை மிதிச்சுக்கிட்டா அழுத்தணும்?

மெக்கானிக்: நான்... போய் சாவி எடுத்துட்டு வரேன்.

கணவர்: நீயா?

மனைவி: நீங்க மதியம் குறட்டை விடுறப்போ... கொஞ்ச நேரம்.

கணவர்: அங்க உட்கார்ந்து என்ன பண்ணுவ? பாட்டு கேப்பியா?

மனைவி: ஸ்டியரிங்கைப் பிடிச்சுப் பார்ப்பேன். பக்கத்துக் கண்ணாடியைப் பார்ப்பேன். கத்துக்கிட்டது மறந்துடக் கூடாதுல்ல...

கணவர்: கத்துக்கிட்டதா? எங்க?

மனைவி: தையல் கிளாஸ்ல.

கணவர்: என்னது!

மனைவி: இத்தனை நாள் போனேனே, ஒரு தலையணை உறையாவது தச்சேனா? நீங்களும் கேக்கல. லைசென்ஸே வந்தாச்சு. அங்க இருந்தது சாவி போடுற பழைய வண்டி. இந்தப் பட்டன் சமாச்சாரம் எனக்கு என்ன தெரியும்?

கணவர்: அடிப்பாவி... என்கிட்டயே கேட்டிருக்கலாமே!

மனைவி: கத்துவீங்க.

கணவர்: கத்துவேன்தான்... இருந்தாலும் இந்த வயசுல எதுக்கு? ஓட்டத்தான் நான் இருக்கேனே.

மனைவி: எப்பவுமாங்க?

மெக்கானிக்: சார், சாவி. பின்னாடி காலியிடம் இருக்கு, ரெண்டு சுத்து ஓட்டிப் பார்த்துட்டுக் கிளம்புங்க. யாரு எடுக்குறீங்க?

கணவர்: அவங்ககிட்ட குடும்மா.

மனைவி: என்னங்க... பேத்தியை நீங்கதான்னு...

கணவர்: நான் பின்னாடி அவ பக்கத்துல உட்கார்ந்துக்கறேன். பொழுது சாஞ்சா எனக்கு... எதிர்ல வர்ற விளக்கெல்லாம் பூசின மாதிரி பரவுது. ஆள் தெரியல. உன்கிட்ட சொன்னா நீ பயந்துடுவியோன்னுதான்...

மனைவி: தெரியும். அன்னிக்கு நம்ம கேட்டுல இடிச்சுட்டு, நாய் குறுக்க வந்துச்சுன்னு சொன்னீங்களே... நம்ம தெருவுல ஏதுங்க நாய்? மறுநாளே போய் டிரைவிங் கிளாஸ்ல சேர்ந்துட்டேன்.