மணல் மூட்டைகளுக்குப் பொறுப்பானவன்

நான் விளையாட்டுக்கு எதிரானவன் அல்ல. பள்ளிக்கூடத்தில் கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடும் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றிருக்கிறேன். ஓடியவர்கள் மூன்று பேர் என்பதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு, சேர். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள பூங்காவில் உதைபந்தாட்டத் திடல் அமைப்பதை நான் பொறாமையால் எதிர்த்தேன் என்று சிலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது சரியல்ல. நான் சத்தத்துக்காகத்தான் எதிர்த்தேன். பகலில் ஹார்ட்வெயார் கடையில் வேலை, இரவாகும் நேரத்தில் கணக்கியல் வகுப்பு. இடையில் கிடைக்கும் பொழுதில்தான் யன்னலோரம் இருந்து படிக்கலாம். அந்தப் பொழுதில்தான் அவர்களும் விளையாடுவார்கள். ஆனால் சத்தம் என்று சொன்னால் சுயநலம் என்பார்கள். ஆகவே எங்கள் பகுதிச் சங்கக் கூட்டத்தில் எழுந்து பாதுகாப்பு என்றேன்.

நிலத்தைத் தோண்ட அனுமதி கிடைக்கவில்லை. அதனால் கோல் கம்பங்களைப் புதைக்காமல் வெறுமனே நிறுத்திவைத்து, ஆட்டம் முடிந்ததும் படுக்கவைப்பது என்று திட்டம். அவை முன்பக்கமாகச் சரிந்து ஆள் மேல் விழும் என்றேன். தலைவர் குலசிங்கம் ஐயா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, கப்பலிலயிருந்து பெட்டி பெட்டியா இறக்கின ஆள் நான். நாலு இரும்புக் குழாய் விழுமெண்டு எனக்கே சொல்லித்தாறீரோ?”

“காகம் வந்து குந்தினாலும் விழுமோ யுகேந்திரன்?” என்று பின் கதிரையிலிருந்து தேனுகா அக்கா கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கும்போது நானும் சேர்ந்துகொள்வது வழக்கம். விஷயம் சீக்கிரம் முடியும்.

சிரிக்காதவன் இஹ்ஸான் மட்டும். தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்தவன். அந்தத் திடலுக்காக அலைந்தவர்களில் முதல் ஆள், எங்கள் பகுதியின் கோல் காப்பாளன்.

“சிரிக்காதீங்க. யுகன் சொல்றதுலயும் ஞாயம் இரிக்கி. பின்பக்கச் சட்டத்துல மணல் மூட்டை வெச்சாச் சரிதானே?”

எங்கள் சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. எதை யார் எதிர்க்கிறாரோ அதன் பொறுப்பை அவர் தலையிலேயே கட்டிவிடுவார்கள். வாசிகசாலைக்குத் தொலைக்காட்சி வேண்டாம் என்று வாதாடிய கனகசுந்தரம் அண்ணன்தான் இன்றைக்கும் அதன் ரிமோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். “அப்ப மூட்டையளை நீங்களே பாருங்கோ தம்பி” என்று குலசிங்கம் ஐயா முடித்தார். கைதட்டினார்கள். மூட்டைகளை வைக்கும் அறையின் திறப்பும் தந்தார்கள்.

அன்றிலிருந்து ஆட்டத்துக்கு முன் மூட்டைகளை வைப்பதும் பிறகு எடுத்து அறையில் பூட்டுவதும் என் வேலை. வேறு யாரும் அவற்றைத் தொடமாட்டார்கள். ஒழுங்காகச் செய்தேன். மூட்டை கிழிந்தால் கடற்கரைக்குப் போய்ப் புது மணல் அள்ளிவந்தேன். கம்பங்கள் அசையவே இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. நான் மூட்டை வைப்பதால் கம்பம் விழவில்லை. கம்பம் விழாததால் நான் சொன்னது விசர்க்கதை என்றாகிவிட்டது. என் சொல்லைப் பொய்யாக்குவதற்கு நானே முதுகு நோகச் சுமந்துகொண்டிருந்தேன். “காகம் இண்டைக்கும் வரேல்லையோ?” என்று தேனுகா அக்கா கேட்காத நாள் குறைவு. அதிலுள்ள பகிடி எனக்கும் விளங்கியது. உண்மையாகவே இரசித்தேன், அல்லது இரசிக்கிறேன் என்று நினைத்தேன்.

ஒரு தடவை விழுந்தால் போதும் என்று பிறகு தோன்றியது. ஆளில்லாத நேரத்தில், வாடைக்காற்றுக்கு, மெதுவாக. மீனுக்கு ஐஸ் போட்டு அனுப்பும், பாரமே இல்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிகள் கரையோரம் உடைந்து கிடக்கும். அந்தத் துண்டுகளை மூட்டைகளில் அடைத்து, வாய்ப்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் மணல் போட்டுத் தைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அன்று அவற்றைத் தூக்கிப்போகும்போது வழமைபோல முனகினேன். நன்றாகவே முனகினேன்.

ஆளில்லாத நேரத்தில் கம்பங்களைப் படுக்கவைத்துவிடுவீர்களே, பிறகு எப்படிக் காற்றுக்கு விழும் என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. அதை நான் பிந்தித்தான் யோசித்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை, எனக்கு வகுப்பு இல்லை. வென்ற பக்கத்துக் காப்பாளன் பாய்ந்து குறுக்குக் கம்பியில் தொங்கி ஆடுவது எங்கள் பூங்காவில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். இஹ்ஸானின் பக்கம் வென்றது. நான் யன்னலில் இருந்தேன். அவன் பின்னுக்குப் போய்ச் சிரித்தபடி ஓடிவந்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்த அந்த நேரம் போதும். நான் கூப்பிடவில்லை. கம்பம் முன்பக்கமாகச் சரியுமா, பின்பக்கமாகச் சரியுமா என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

முன்பக்கமாகத்தான் சரிந்தது.

நான் ஓடிப்போனேன். எல்லோரும் இரும்பைத் தூக்கி அவனை வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது மூட்டைகளை அறைக்குள் போட்டுப் பூட்டினேன்.

ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கழுத்துக்குக் கீழே உணர்வு இருக்கவில்லை. என்னைக் கண்டதும் கண்கலங்கினான்.

“நீ அப்பவே சொன்னாய் மச்சான். நான்தான் கேக்கல்ல. மன்னிச்சிரு.”

“பரவாயில்லை, அதை விடு” என்றேன். அவனை மன்னித்துவிட்டதாகவே உணர்ந்தேன். வாசலில் அவன் மனைவி பஹ்மியா நின்றார். “நீங்க ஒராள்தான் அவர்ர உசிரப் பத்தி யோசிச்ச” என்றார். அன்று யாரும் காகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து நன்றாகப் படித்தேன்.

அடுத்த கிழமை அவன் இறந்தான். அதன் பிறகு கூடிய கூட்டத்தில்தான் யாரோ கேட்டார்கள், மூட்டைகள் எங்கே இருந்தன என்று. விழுந்த கம்பத்துக்குப் பக்கத்தில் எவரும் மூட்டை காணவில்லையாம். குலசிங்கம் ஐயா எழுந்துவந்து என் தோளில் கைவைத்தார்.

“பொடியன் பகல் முழுக்க வேலை, பிறகு படிப்பு. களைப்பில வைக்க மறந்திட்டான். வேணுமெண்டு செய்தவனே? விடுங்கோ.”

“ஆருக்கும் மறதி வரும் தம்பி” என்று தேனுகா அக்கா தேநீர் கொண்டுவந்து தந்தார். விழும் என்று சொன்னவனே மூட்டை வைக்க மறந்தான் என்ற கதை ஊர் முழுக்கப் போனது. எல்லோரும் என்னோடு அன்பாக நடந்துகொண்டார்கள்.

நீங்களும் என் வாக்குமூலத்தை அப்படியே எழுதி வைத்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சேர். கையொப்பமிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள். உங்கள் நல்ல மனத்துக்கு நன்றி. ஆனால் அது என்னால் ஏலாது. மூட்டைகள் இருந்தன. இன்னும் அறைக்குள் இருக்கின்றன, அவிழ்த்துப் பாருங்கள். அவற்றை நிரப்பியவன் நான். வைத்தவன் நான். அவன் ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தவனும் நான். கொலை என்று எழுத வேண்டுமென்றால் எழுதுங்கள், ஆட்சேபனை இல்லை. மறதி என்று மட்டும் எழுதாதீர்கள். பொறுப்பெடுத்த நாள் முதல் நான் ஒரு நாள்கூட மறந்ததில்லை.