பின்வாசலைத் திறந்து வைத்த பெருமாட்டிக்கு

பயில வந்தோரைப் பண்படுத்திய பெருந்தகையே! பணியிலும் பரிவிலும் பிசகாத பயிற்சி அதிகாரியே! எங்கள் பெயிண்ட் தொழிற்சாலைக்கு அண்டை அயல் என்றால் என்னவென்று கற்பித்த அம்மையே! உங்கள் பணிநிறைவு விழாவில் வணங்கி வாழ்த்துகிறோம்.

நீங்கள் கண்டிப்பானவர் என்பது முகத்துதி அன்று, முழு உண்மை. வகுப்பு தொடங்கியபின் வந்தவர் மேலாளரே ஆனாலும் கதவுக்கு வெளியேதான் நின்றார். அப்படி நின்றவர்களுள் சிலர் இன்று இம்மேடையில் அமர்ந்திருக்கிறார்கள்.

அந்த முதல் தீ ஒத்திகையை மறக்க முடியுமா? சங்கு ஒலித்ததும் நாங்கள் கற்றபடி வரிசையாகப் பின்வாசலுக்கு நடந்தோம். பின்தெரு மக்களோ மெய்யாகவே தீப்பிடித்ததென்று பதறி, இங்கே வேலை செய்யும் தத்தம் வீட்டு ஆட்களைத் தேடி அதே வாசலுக்கு ஓடிவந்தனர். ஒத்திகை என்று தெருவுக்குச் சொல்ல நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லையே! இரு கூட்டமும் முட்டிமோதி நின்றபோது, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு பின்தெருவின் தையற்கார அக்கா உங்களைத்தான் கேட்டார்: "இவங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தீங்க. எங்களுக்கு யாருங்க சொன்னா?"

அடுத்த வகுப்பிலேயே பாதி நாற்காலிகளைத் தெருவினருக்கு ஒதுக்கினீர்கள். புதிதாகச் சேர்ந்தோர் முதல் வாரம் பின்தெருவில் வீடு வீடாகச் சென்று, எங்கே நடக்க முடியாதவர் இருக்கிறார், எங்கே கைக்குழந்தை இருக்கிறது என்று அறிந்த பிறகே இயந்திரத்தைத் தொடலாம் என்றீர்கள். "வேலை கத்துக்க வந்தோமா, வீடு விசாரிக்க வந்தோமா?" என்று முணுமுணுத்தவர்கள் நாங்கள்தாம்.

பெயிண்டில் கலக்கும் தின்னர் இருந்த கிடங்கு மெய்யாகவே பற்றியெரிந்த அன்று அம்முணுமுணுப்பு அடங்கியது. தெருவினர் விலகி வழிவிட்டனர். வெளியேறிய நாங்கள் தெரு வீடுகளில் படுக்கையில் கிடந்தோரைத் தூக்கிக்கொண்டு மைதானம் சேர்ந்தோம். கிடங்கு போயிற்று. ஓர் உயிர்கூடப் போகவில்லை, அம்மா!

நீங்கள் ஓய்வுபெற்றதும் பயிற்சியைத் தொலைவிலுள்ள தலைமையகத்துக்கு மாற்றி, பின்வாசலைப் பூட்டிவிடலாம் என்றார்கள் நிர்வாகத்தினர். உங்களுக்குப் பின் இதை யார் நடத்துவார் என்று கேட்டார்கள். அக்கவலையில் நீங்கள் சோறு தண்ணி இல்லாமல் வாடியதைக் கண்டபின் நாங்கள் சும்மா இருப்போமா? தெருவினரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பேசினோம். பயிற்சி இங்கேயே தொடரும், பின்வாசலும் பூட்டப்படாது என்று நேற்று இசைந்தார்கள். வரும் திங்கட்கிழமையிலிருந்து வகுப்பை எடுக்கப்போகிறவர், உங்களிடமே பயின்ற அந்தத் தையற்கார அக்காதான்!

ஓய்வுக்காலத்துக்கு நீங்கள் வீடு பிடித்திருப்பதும் பின்தெருவில். ஆகவே இனி நீங்களும் தெருக்காரர். தெருவின் நாற்காலிகளில் ஒன்று உங்களுடையது. நோய்நொடி இன்றி நெடுங்காலம் வாழ்ந்து, அதில் வந்து அமருங்கள். நேரத்துக்கு வந்துவிடுங்கள், அம்மா. தாமதித்தால் கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டியிருக்கும்.

நன்றி மறவா,
தொழிலாளர், அலுவலர், பின்தெருவினர்