முசுறு வந்த உடுப்புக்கொடி

மாம்பழம் எங்கள் வீட்டில் யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது, சேர். ஆனாலும் முற்றத்து மரத்தை வெட்டவில்லை. சாய்ந்தமருது வெயிலுக்கு நிழல் வேண்டும். மரம் நிறைய முசுறு இருந்தபடியால் களவாக ஏறவும் ஒருவரும் வரமாட்டார்கள். அந்தச் சிவப்பு எறும்பு இலைகளை இழுத்து, வெள்ளை நூல்போல ஒன்றால் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தே எத்தனையோ நாள் என் தேத்தண்ணீர் ஆறிப்போயிருக்கிறது. முசுறு மரத்தைவிட்டு அவ்வளவாக இறங்காது. வேறிடம் போக ஏதாவது தொடுப்பு வேண்டும்.

அந்த மரத்திலிருந்து வாப்பாவின் அறை யன்னல்வரை உடுப்புக்கொடி கட்டியிருந்தேன். யன்னல் கம்பியில் முடிச்சுப் போட்ட இடத்தில் மண்ணெண்ணெயில் நனைத்த சீலைத்துண்டைச் சுற்றிவைப்பேன். மணம் இருக்கும்வரை முசுறு தாண்டாது. எங்கள் பகுதிப் பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும்.

வாப்பா பாரிசவாதத்தில் விழுந்து மூன்று வருடம். கை கால் அசையாது, பேச்சும் போய்விட்டது. திருப்பிப் படுக்கவைப்பது, கழுவுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். என் முதுகு விட்டுப்போயிற்று. எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. வீடு பெண்பிள்ளைக்கு, ஆண்பிள்ளைகள் கலியாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு மாதம் மட்டும் வாப்பாவை வைத்திருங்கள் என்று என் மூத்த சகோதரன் றாஸிக் காக்காவிடம் கெஞ்சினேன்.

"ஊடு ஒனக்குத்தானே தந்த, றுஸ்னா. அப்ப வாப்பாவையும் நீதான் பாக்கணும். நானே பொஞ்சாதிட ஊட்டுல இரிக்கன், அங்க எப்பிடிக் கொண்டு போற?" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கதைத்தது நியாயம்தான். வாப்பாவின் உடம்பில் நாலு கடித் தழும்பைக் கண்டால் காக்காவின் மனம் இளகும் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆம்பிளைகள் ஜும்ஆவுக்குப் போய்த் தெரு வெறிச்சோடியபின் அந்தச் சீலைத்துண்டை அவிழ்த்தேன். கொடியை நன்றாகத் துடைத்தேன். சூடைமீன் கழுவிய தண்ணீரில் வாப்பாவின் சாரனை நனைத்து அவருக்கே உடுத்திவிட்டேன். கட்டில் யன்னலோடு ஒட்டித்தான் கிடக்கிறது. மீன்தலைகளை யன்னலிலிருந்து தலையணைவரை வரிசையாக வைத்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே பாயில் உட்கார்ந்து கால் நீட்டினேன். மூன்று வருடத்தில் பகலில் நான் கால் நீட்டியது அன்றைக்குத்தான். பள்ளியில் குத்பாப் பிரசங்கம் முடியத் திறப்பதாகத்தான் இருந்தேன்.

பின்நேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் திறந்தேன். வாப்பா மௌத்தாகியிருந்தார். மையித்தைக் குளிப்பாட்ட வந்தவர்கள் உடம்பைக் கண்டு பொலிஸில் உங்களுக்கு அறிவித்தார்கள். காக்கா தண்ணீர் ஊற்ற ஏலாமல் குழறி அழுதாராம். அவர் மனம் இளகும் என்று நான் நினைத்தது பிழையில்லை.

களைப்பில் கண்ணயர்ந்துவிட்டாயா என்று கேட்டீர்கள். அப்படிச் சொன்னால் எனக்கு நல்லது என்பதும் விளங்குகிறது. இல்லை, சேர், விழித்துத்தான் இருந்தேன். உள்ளேயிருந்து "றுஸ்னா, மகள்" என்று வாப்பா கூப்பிட்டார். டொக்டர்மார் இனி வராது என்று கைவிட்ட பேச்சு. அந்தக் குரலைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா. இன்னும் ஒருதரம் கூப்பிடட்டும் என்றுதான் பேசாமல் இருந்தேன்.

அஸர்வரைக்கும் கூப்பிட்டார்.