மாமனார் காரின் கேஸ்கெட்

“உங்க பஸ்ஸெல்லாம் டிப்போவுல இருக்கு, அத்தான். அங்க போய் நோண்டுங்க. எங்கப்பா கார்ல கை வைக்காதீங்க.”

“உங்கப்பா போய் ஒரு வருஷமாச்சுடா. இன்னும் அவர் காரா?”

மச்சினனும் மாப்பிள்ளையும் கொட்டகையில் நின்று இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது ராத்திரி மணி ஏழு இருக்கும். ஏழுக்கு மேல் அந்தத் தெருவில் நாய்கூட நடக்காது... கடைசி வீடு, அதன் பக்கத்தில் கொட்டகை, அப்புறம் வெறும் பொட்டல். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதியின் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. சிநேகிதி பாதிதான் சொன்னாள். மீதியை நான் துருவித் துருவி வாங்கினேன்.

மாப்பிள்ளை பஸ் டிப்போ மெக்கானிக். மாமனார் உயிரோடு இருந்தவரை அந்தப் பழைய காரின் பானெட்டைக்கூட அவரைத் தொட விட்டதில்லை. “பஸ்ஸுக்கு ஆணி அடிக்கிறவர்” என்றுதான் மருமகனை அறிமுகப்படுத்துவார், அதுவும் விருந்தாளிகள் எதிரில். இப்போது மாப்பிள்ளைக்கு அந்தக் கொட்டகை வேண்டும், சொந்தப் பட்டறை வைக்க. மச்சினனுக்கும் வேண்டும், இடித்துவிட்டு வாடகைக்கு அறை கட்ட. சத்தம் தாங்காமல் மாமியார் வந்து தீர்ப்புச் சொன்னார்.

“ஞாயித்துக்கிழமை இந்தக் காரை நீங்க கேட் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க, மாப்பிள்ளை. வந்தா கொட்டகை உங்களுக்கு. இல்லேன்னா கார் இரும்புக்கடைக்கு, கொட்டகை அவனுக்கு.”

கோளாறு ஒன்றுதான். ஹெட் கேஸ்கெட்... இன்ஜினுக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே உட்காரும் செம்புத் தகடு. எரிந்து போயிருந்தது. மாப்பிள்ளை மூடியைக் கழற்றினார். கரியைச் சுரண்டினார். புதுத் தகட்டின் இரு பக்கமும் பசை தடவி, மூடியை இறக்கி, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரமாக முறுக்கிக்கொண்டே போனார். ஒரேயடியாக இல்லை; கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றுச் சுற்றாக. இதற்கென்றே ஒரு ஸ்பேனர் உண்டு; போதுமான இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று சத்தம் கொடுக்கும்.

ஸ்டார்ட் செய்தார். வெள்ளைப் புகை. இனிப்பு தீய்ந்த மாதிரி ஒரு நாற்றம்... கேஸ்கெட் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

மறுபடி திறந்தார். பசையில் ஒரு கட்டைவிரல் ரேகை. நசுங்கிப் பரவிய பசையின் மேல் பதிந்திருந்தது. அதாவது, மூடி இறங்கிய பிறகு. முடி நுழைய இடமில்லாத இடத்தில். ரேகைக்குக் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

“உன் வேலைதானே?” என்று மச்சினனை இழுத்து வந்து காட்டினார்.

மச்சினன் குனிந்து பார்த்தான். தன் இரண்டு கட்டைவிரலையும் நீட்டிக் காட்டினான். தழும்பு இல்லை.

“இது அப்பாவோடது,” என்றான். அதற்குப் பிறகு அவன் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டிலேயே அவனுக்குத்தான் கொஞ்சம் புத்தி.

மாப்பிள்ளைக்கோ வீம்பு. சனிக்கிழமை சாயங்காலம் மனைவியைத் துணைக்கு உட்கார வைத்துக்கொண்டு இன்னொரு தகடு போட்டார். டக்... டக்...

“ஏங்க, ஒரு தடவைதானே முறுக்குறீங்க?”

“ஆமா. ஏன்?”

“எனக்கு ரெண்டு தடவை கேக்குது.”

ஸ்பேனரைத் தரையில் வைத்தார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். எதிர்க் கோடியிலிருந்த போல்ட் மெல்லத் திரும்பியது...

டக்.

இந்த மனிதர் அப்போதாவது எழுந்து ஓடியிருக்கலாம். கத்தினார்.

“செத்தும் விட மாட்டியா, கிழவா? நாளைக்கு நான்தான் ஓட்டுவேன். உன்னால ஆனதைப் பாரு.”

மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். அப்பாவை அப்படித் திட்டிவிட்டாரே என்றா, அப்பா காதில் விழுந்திருக்குமே என்றா... அவளுக்கே தெரியவில்லையாம்.

ஞாயிறு காலை எல்லாரும் கேட்டில் நின்றார்கள். கொட்டகைக்குள் மாப்பிள்ளை மட்டும். ஒரே முயற்சியில் ஸ்டார்ட் ஆயிற்று. புகை இல்லை, நாற்றம் இல்லை, தையல் மெஷின் மாதிரி சீரான ஓசை. கார் கொட்டகையை விட்டு வெளியே வந்தது. குழாயடியில் அழகாகத் திரும்பியது. கேட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. மாமியார் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

மாப்பிள்ளை பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில். ஓட்டுகிற சீட்டில் யாரும் இல்லை... மெத்தை மட்டும் ஆள் உட்கார்ந்த மாதிரி அமுங்கியிருந்தது.

“வண்டி ஓடுது,” என்றார் மாமியார். “ஆனா ஓட்டினது நீங்க இல்லையே, மாப்பிள்ளை.”

மாப்பிள்ளை மறுவாரமே வேறு ஊர் டிப்போவுக்கு மாற்றல் வாங்கி, மனைவியோடு போய்விட்டார். இப்போது சைக்கிள்கூட ஓட்டுவதில்லை. தீர்ப்புப்படி கொட்டகை மச்சினனுக்கு வந்தது. ஒரு செங்கல் வைக்கவில்லை, வெளிநாடு போய்விட்டான். காரைத் தூக்க வந்த இரும்புக்கடைக்காரர் அதைத் தொடாமலே திரும்பினார். ஆனால் வந்த இடத்தில் அந்த வீட்டு இளைய மகளான என் சிநேகிதியைப் பார்த்து வைத்தார். அவர் மகனுக்கே அவளைக் கட்டிக் கொடுத்தார்கள்.

மாமியார் மட்டும் அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் சாயங்காலமானால் கடைக்குக் காரில்தான் போய் வருகிறார்... பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு.