கறுப்பு ஏரியில ஒரு இடம்

ஆமா தம்பி, உப்புதான். கை தவறியெல்லாம் இல்ல, தெரிஞ்சேதான் போட்டேன். என்னது, பரவாயில்லையா? பாத்தீங்களா, இதான் எனக்கு எரிச்சலு. விடியறதுக்குள்ள குளிர்ல மலையேறி வந்த மனுசனுக்கு உப்புக் காப்பியக் குடுத்தா, தூக்கி என் மூஞ்சில ஊத்த வேணாமா? வாயத் தொடச்சிக்கிட்டுச் சிரிக்கிறீங்க.

இந்தக் கெலிமுத்து மலையில ஒருத்தன் வாயால கெட்ட பொம்பளைன்னு பேர் வாங்கறதுக்குள்ள என் உசிரு போயிரும் போல. விளையாட்டு இல்ல தம்பி. செத்தா நான் அதோ, அந்தக் கறுப்புத் தண்ணிக்குத்தான் போகணும். அது கெட்டவங்க ஏரி. அத ஒட்டிப் பச்சையா கிடக்குதே, அது சின்ன வயசுல போய்ச் சேந்தவங்களுக்கு. இந்தப் பக்கம் தனியாத் தள்ளி இருக்கறது கிழடு கட்டைகளுக்கு. எங்க லியோ சனம் எங்க செத்தாலும் இங்கதான் வந்தாகணும். வாசல்ல கோண்டேன்னு ஒருத்தர் காவல் நின்னு, நீ இங்க, நீ அங்கன்னு பிரிச்சு விடுவாரு. என்னைப் பாத்ததும் கிழவி, நீ கிழடுங்க ஏரிக்குப் போன்னுருவாரு. அப்படிச் சொல்லிறக் கூடாதுன்னுதான் இந்தப் பாடு படறேன்.

கொஞ்ச பாடா? கீழ வெந்நீர் ஊத்துல பொம்பளைங்க குளிச்சிட்டிருந்தப்போ, அவளுக துணியெல்லாம் சுருட்டிட்டுப் போய்ப் பாறைப் பொந்துல ஒளிச்சு வச்சேன். அந்நேரம் பாத்தா மழை கொட்டணும்? நல்லவேளை துணிய நனையாமக் காப்பாத்துன மகராசின்னு, வீட்டுக்கே வந்து அவிச்ச மரவள்ளிக்கிழங்கு குடுத்துட்டுப் போறாளுக. இந்தப் பார்க் காவக்காரன் நொபர்த்து இருக்கானே, அவன வந்த சனம் பூரா வேடிக்கை பாக்க, வாயில வந்தபடி ஏசினேன். எங்கம்மா போனதுலருந்து என்னைத் திட்ட ஆளில்லம்மான்னு கண்ணத் தொடைக்கிறான், முண்டம்.

திருடலாம்தான், நீங்க சொல்றது சரி. அதுக்கும் போனேன். பக்கத்து வீட்டுக் கோழியப் புடிச்சு இடுப்புலயும் வச்சாச்சு. அவ பிள்ளைங்க மூஞ்சி கண்ணு முன்னால வந்து நிக்குது. விட்டுட்டு வந்துட்டேன். என்ன சென்மமோ நான்.

நேத்து ஊர்ப் பெரியவர் வோலோகிட்டயே போய்ட்டேன். வருசா வருசம் இங்க வந்து செத்தவங்களுக்குச் சோறும் பன்னிக்கறியும் படைக்கிறவரு. அவர் சொன்னா கோண்டேகிட்ட எடுபடும். நான் கெட்டவதான்னு ஒரு வார்த்தை சொல்லி வைங்கன்னேன். வெத்தலைய மென்னுக்கிட்டே, கொரெத்தி, உனக்கு மூத்தவங்க ஏரியில நல்ல இடமா இருக்குங்கிறாரு. பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு.

எதுக்கா? எட்டிப் பாருங்க, கம்பியப் புடிச்சிக்கிட்டு. கறுப்புக்கும் பச்சைக்கும் நடுவுல நிக்கிற பாறைச் சுவரு, மெல்லிசாத்தான இருக்குது? கிழவங்க ஏரியிலருந்து தொண்ட கிழியக் கத்துனாலும் அங்க கேக்காது. பச்சையில என் புருசன் இருக்கான். காப்பித் தோட்டத்துல மரம் சாஞ்சு போயிட்டான், இருபத்திரெண்டு வயசு, கல்யாணம் ஆகி ஒரு மழைக்காலம்கூட முடியல. அப்பவே நானும் போயிருந்தா ஒரே ஏரி. உக்காந்து கிழவியாயிட்டேன்.

இந்த மூஞ்சிய அவனுக்கு அடையாளம் தெரியாது தம்பி. சுவத்துக்குக் கறுப்புப் பக்கமா நின்னு கூப்பிட்டா, குரல் தெரியும்.